செத்த செல்களின் பச்சை

மினியாபொலிஸ்
12 ஜனவரி 2009

அன்புள்ள அலஸ்டருக்கு,

நான் நலம். ஆய்வகத்துக்கு மின்னஞ்சல், நமக்குத் தபால் என்று சட்டம் போட்டது நீ. அதைக் காப்பாற்றுவது நான். டிசம்பர் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பனிக்குள்ளிருந்து காரைத் தோண்டும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுகிறேன்.

புது நிதிக்கு மனுப் போட்டேனே, அவர்கள் நம் கட்டுரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வளர்ந்த எலியின் சிறுமூளைச் செல்களுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் குட்டிகளின் சிறுமூளையில் வைத்தோமே, அதே செல்களைக் கொன்றுவிட்டும் வைத்துப் பார்த்தோமா என்று. சாயம் நம்மை ஏமாற்றவில்லை என்று உறுதிசெய்ய எல்லா ஆய்வகத்திலும் செய்கிற சடங்குதான். அந்தக் குளிர்காலத்தில் குட்டிகள் குறைவு. செத்த செல்லுக்காக ஒரு குட்டியை வீணாக்குவானேன், அடுத்த ஈற்றில் பார்க்கலாம் என்று இரண்டு பேருமாகத் தள்ளிப்போட்டு, மறந்தே போனோம். இப்போது செய்துவிடுகிறேன்.

ஏப்ரலில் உன் வேலை நிரந்தரமானால் நான் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவேன். விமான நிலையத்திலேயே குடும்பம் நடத்தி அலுத்துவிட்டது.

உன்னைத் திட்டியபடியே நேசிக்கும்,
சோல்வெய்க்


ஹாலிஃபாக்ஸ்
27 ஜனவரி 2009

என் சோல்வெய்க்,

டிசம்பர் பாவத்தை மன்னித்துவிடு. வீடு பார்த்துவிட்டேன். சமையலறை ஜன்னலில் கப்பல் தெரிகிறது. சுவருக்கு மஞ்சள் அடிக்கிறேன், வந்து கத்து.

தேர்வுக் குழுத் தலைவர் என் தோளைத் தட்டி, "அந்த ஒரு கட்டுரை போதும்ப்பா, மத்ததெல்லாம் ஒப்புக்குத்தான்" என்றார். சிறுமூளையின் இடைநரம்புச் செல்கள் பிறக்கும்போது எதுவாக ஆவது என்று தெரியாமலே நடந்து வருகின்றன. சேர்கிற இடம்தான் ஒன்றைக் கூடைச் செல்லாகவும் இன்னொன்றை நட்சத்திரச் செல்லாகவும் ஆக்குகிறது. அது ஊருக்கே தெரிந்தது. வளர்ந்து முடிந்த செல்கூடப் புது இடத்தில் மாறும் என்று காட்டியது நாம்தான். இங்கே வந்தால் மீனைத் தொடாத நீயும் மீன் சாப்பிடுவாய், பார்.

செத்ததை இப்போது எதற்குக் கிளறுகிறாய்? ஏப்ரல் போகட்டுமே.

பெயிண்ட் கையோடு,
அலஸ்டர்


மினியாபொலிஸ்
20 பிப்ரவரி 2009

அலஸ்டர்,

செத்த செல்களை வைத்த குட்டிகளிலும் பச்சை தெரிகிறது. அதே கூடைகள், அதே நட்சத்திரங்கள். நம்ப முடியாமல் வேறொரு ஈற்றில் மறுபடி செய்தேன். அதேதான். செத்தவற்றிலிருந்து கசிந்த சாயத்தைக் குட்டியின் சொந்தச் செல்கள் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. நாம் வைத்தவை மாறின என்பதற்கு, பிழைத்தன என்பதற்குக்கூட, நம்மிடம் ஆதாரம் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஃபோன் செய்.

சோல்வெய்க்


ஹாலிஃபாக்ஸ்
3 மார்ச் 2009

சோல்வெய்க்,

ஃபோனில் அப்படிக் கத்தியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் கெஞ்சுகிறேன், ஏப்ரல் வரை பொறு. அதற்குள் யார் சாகப்போகிறார்கள்? இந்த வேலை போனால் என்னை வேறு எவனும் சேர்க்கமாட்டான். வீடு இல்லை, நாம் சேர்ந்து இருப்பதும் இல்லை. பாதிச் சுவர் மஞ்சளாய் நிற்கிறது, மீதியைத் தொடக் கை வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இங்கே வர உனக்கு நிஜமாகவே ஆசை இருக்கிறதா?

அலஸ்டர்


மினியாபொலிஸ்
16 மார்ச் 2009

அன்புள்ள அலஸ்டருக்கு,

யார் சாகப்போகிறார்கள் என்று கேட்டாய். நேற்று டுலூத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சிறுமூளை தேய்ந்து நடை தள்ளாடும் மகள் அவளுக்கு. நம் கட்டுரையைக் காட்டித் தெற்கே எங்கோ ஒரு கிளினிக்கில் செல் ஊசி போடுகிறார்களாம். "வீட்ட வித்தாச்சு, அடுத்த வாரம் கிளம்புறோம். நீங்க கண்டுபிடிச்சதுதானே, உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கட்டுரையே தப்பு என்று சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டாள். அவளிடம் சொன்ன பிறகு உன் குழுவிடமிருந்து எப்படி மறைப்பேன்? மாதக் கடைசிக்குள் உன் கையெழுத்து வராவிட்டால் என் பெயரில் மட்டும் அனுப்பிவிடுவேன்.

வர ஆசை இருக்கிறதா என்று கேட்டாயே. மீதிச் சுவரை அடித்து வை. அதுதான் என் பதில்.

உன்,
சோல்வெய்க்


மினியாபொலிஸ்
2 மே 2009

என் அலஸ்டருக்கு,

நீ கையெழுத்திட்ட தாள் மார்ச் கடைசியில் வந்தது. உறையைக் கிழித்து உள்ளே கையை விட்டுத் துழாவினேன். கடிதம் இல்லை. வேலை உனக்கு இல்லை என்பதையும் வேறு யாரோ சொல்லித்தான் கேட்டேன். ஃபோனை நீ எடுப்பதில்லை. எனக்கும் நிதி இல்லை என்றாகிவிட்டது. எலிகளைப் பக்கத்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

எந்த வேலையும் இல்லாத உன்னிடம், எந்த வேலையும் இல்லாத நான் வருகிறேன் என்றால் கதவைத் திறப்பாயா? அந்த வீடு இல்லாவிட்டால் என்ன, ஒண்டிக்கொள்ள ஓர் அறை போதும். மீன்கூடச் சாப்பிடுகிறேன்.

தினமும் அந்தக் கையெழுத்தை எடுத்துப் பார்க்கிறேன். பச்சை மையில் போட்டிருக்கிறாய். பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் பச்சையைப் பார்த்து உயிர் இருக்கிறது என்று நம்பி ஒருமுறை ஏமாந்துவிட்டேன் அலஸ்டர், இன்னொரு முறை என்னால் முடியாது. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சோல்வெய்க்