நாற்பத்தொரு மரத்துக்குச் சட்டை

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது. இங்கே உன் அப்பா, பெரியம்மா, நான் மூவரும் எழுந்து உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு நலம், அதற்கு மேல் நலம் என்று எழுதினால் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிற உன் பெரியம்மா முறைக்கிறாள், ஆகையால் அந்த அளவோடு நிறுத்துகிறேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலை முடிந்ததும் நேராக அறைக்கு வந்து, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அப்பாவுக்குக் கண் மங்க மங்கக் காது தீட்டிய மாதிரி ஆகிவிட்டது, மாடியில் நான் இருமினால் கீழே இருந்துகொண்டு அண்ணே இது நாலாவது இருமல், டாக்டரைப் பாருங்க என்கிறான். அவனை வீட்டில் வைத்துக்கொண்டு போனில் ரகசியம் பேச முடியாது. எழுத்துப் பிழை பார்க்காதே, எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் அந்த எட்டாவதில் என்னைப் போல் கடிதம் எழுத ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். ஜில்லா இல்லை வகுப்பு என்கிறாள் உன் பெரியம்மா, வகுப்பு என்றே வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அவனைப் போனில் பிடிபிடி என்று பிடித்தாயாம். யாருப்பா உங்களை மரத்துக்கெல்லாம் சாக்கு கட்டச் சொன்னது, நல்லா இருந்த கிளப்பை நீங்களே மூட வெச்சுட்டீங்களே என்று கேட்டாயாம். அவன் ஆமாம்மா, புத்தி மழுங்கிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்தான். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன், ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை, கண் பரிசோதனையில் தோற்று வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வருஷம் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான் என்பது உனக்குத் தெரியும். முடி வெட்டிக்கொள்ளக்கூட வெளியே வரமாட்டான். நான் தடவித் தடவி நடக்கிறதை நான் வண்டி ஓட்டின ரோடு பாக்கணுமாண்ணே என்பான். அப்போதுதான் எங்கள் டிஸ்க் கோல்ஃப் கிளப்புக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். அது என்ன விளையாட்டு என்று நீ இரண்டு தரம் கேட்டாய், அவன் சரியாகச் சொல்லியிருக்கமாட்டான். பந்து கிடையாது, மட்டை கிடையாது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதைக் கையால் சுழற்றி வீச வேண்டும். மரங்களுக்கு நடுவில் தூரத்தில் ஒரு இரும்புக் கம்பம் நிற்கும், கம்பத்தில் கூடை, கூடைக்கு மேல் சங்கிலிகள் தொங்கும். தட்டு சங்கிலியில் மோதிக் கூடையில் விழ வேண்டும், குறைந்த வீச்சில் போடுகிறவன் ஜெயித்தவன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் ஒன்பது கூடை வைத்திருந்தோம், அதில் நாலு கூடை பழைய வாஷிங் மெஷின் டிரம்மை அறுத்து நான் செய்தது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டான். சரி, கேட்கவில்லை, நின்று பார்த்தான்.

கண் தெரியாதவன் எப்படி வீசுவான் என்று நீ கேட்பாய். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது நான்தான். இல்லை, கிளப் செயலாளராக இருந்த கணக்கு டீச்சர் கண்டுபிடித்தது, ஆனால் செய்தது நான். நான் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்று சங்கிலியைப் பிடித்துக் கலகலவென்று ஆட்டுவேன், ஒதுங்கிக்கொள்வேன், அவன் சத்தம் வந்த திசைக்கு வீசுவான். அவன் வீசுகிற நேரத்தில் மொத்த கிளப்பும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சட்டம், தும்மல் வந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரீஷியன் ஒருத்தன் உண்டு, கழுத்து நீளத்துக்காகக் கொக்கு என்று கூப்பிடுவோம், அவன் மட்டும் அண்ணே, ஆள் ஏறியாச்சு, ரைட் ரைட் என்று கத்துவான், அதற்கப்புறம்தான் இவன் வீசுவான். முதல் தடவை சங்கிலியில் விழுந்த அன்று எல்லோரும் கத்திய கத்தில் பூங்காவில் நடக்க வந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். இவனோ, விழுந்துச்சாண்ணே, நிஜமா விழுந்துச்சா என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான், சத்தம் அவன் காதில்தான் முதலில் விழுந்திருக்கும். அன்றிலிருந்து மூன்று வருஷம், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான், என்னைச் சோம்பேறி என்பான். வாரத்தில் அவன் தெருவில் இறங்கியது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளும் சவரம் செய்துகொண்டான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கிளப்பில் முன்பு ஐம்பது பேர் இருந்தோம், பெரியம்மா முப்பத்திரண்டு என்கிறாள், எப்படியோ குறைந்து குறைந்து பதினோரு பேருக்கு வந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து நகராட்சியில் இருந்து ஒரு காகிதம் வந்தது. தட்டு பட்டு ஆறு மரங்களில் பட்டை உரிந்திருப்பதாகக் காலையில் நடக்க வருகிற யாரோ புகார் கொடுத்திருக்கிறார், பூங்கா அதிகாரி வந்து மரங்களைப் பார்ப்பார், சரியாக இருந்தால் இன்னும் மூன்று வருஷத்துக்கு இடம், இல்லையென்றால் கூடைகளைப் பிடுங்கிவிட வேண்டும். டீச்சர் படித்துவிட்டு, ஒண்ணும் பண்ண வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும், கீறல் சின்னது, நான் வந்து பேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டில் பிரசவம் பார்க்கப் போய்விட்டார். மைதானப் பொறுப்பு என்னிடம். எனக்குக் கை சும்மா இருக்குமா. என் டயர் கடையில் பழைய டியூப் மலை மாதிரி கிடக்கிறது. கீறல் பட்ட ஆறு மரத்துக்கும் டியூபை வெட்டிச் சுற்றிச் சாக்கைப் போர்த்திக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டேன், அதிகாரி பார்த்தால் மரத்தின் மேல் இவ்வளவு அக்கறையா என்று அசந்துபோவார் என்பது என் எண்ணம். கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் ஆறு மரம் மட்டும் கட்டுப்போட்ட நோயாளி மாதிரி நிற்கிறது. அது ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று மிச்சம் இருந்த முப்பத்தைந்துக்கும் கட்டினேன். நாற்பத்தொரு மரம், மகளே, ஒற்றை ஆளாக நாலு நாளில், வேறு எவனாலும் முடியாது. கொக்கு வந்து பார்த்துவிட்டு, அண்ணே, எல்லாத்துக்கும் சட்டை தெச்சிட்டீங்க, பட்டன் எங்க என்று சிரித்தான். உன் அப்பா ஒரு மரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இறுக்கமா இருக்கேண்ணே, மூச்சு முட்டாதா என்றான். மரத்துக்கு ஏதுடா மூக்கு என்று நான் வாயை அடைத்துவிட்டேன்.

அதிகாரி வருவதாகச் சொன்ன வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை, ஐந்து வாரம் தள்ளிப்போனது, அந்த ஐந்து வாரமும் விடாமல் மழை. வந்தவர் ஒரு அம்மா, முதல் மரத்துக் கம்பியின் முறுக்கை அவிழ்த்து, பையில் இருந்து ஒரு கத்தியை எடுத்துச் சாக்கையும் டியூபையும் அறுத்தார். மகளே, அந்த நாற்றத்தை நான் எழுத மாட்டேன். சாக்கு குடித்து உள்ளே இறக்கிய தண்ணீரை டியூப் வெளியே விடவில்லை, பட்டை ஊறிக் கறுத்துப்போய்க் கையோடு வருகிறது, கம்பி நக ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாக நாற்பத்தொன்றையும் அறுத்தார், ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார். கடைசியில், ஆறு மரத்துல கீறல்னுதான் புகார், அதை மட்டும் காட்டியிருந்தா அந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன், நீங்க பூங்காவையே கட்டிப் போட்டுப் புண்ணாக்கி வெச்சிருக்கீங்களே, இதை யாரு கட்டினது என்று கேட்டார். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

திருத்தம் இங்கேதான். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், ஊரிலிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருந்த டீச்சரும் பார்க்கிறார். வாய் திறந்தபடியே இருந்தது, வார்த்தை வரவில்லை. அப்போது ஐந்தாவது கூடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் அப்பா, நான்தாங்க கட்டச் சொன்னேன், விவரம் தெரியாமப் பண்ணிட்டேன் என்றான். அந்த அம்மா அவன் கண்ணைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடமும் அவன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னிடமும் அதையே சொல்லியிருக்கிறான், நீயும் நம்பித் திட்டியிருக்கிறாய். டீச்சர் மட்டும் பொருள் வைக்கும் அறைச் சாவியை என்னிடம் கேட்டு வாங்கும்போது, அவர் கட்டச் சொன்னாரா, அவருக்கு எந்த மரம் எங்க நிக்குதுன்னே தெரியாதே என்றார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு தெருவில் பார்த்தாலும் பேசுவதில்லை. நான் இதுவரை எத்தனையோ கதை விட்டிருக்கிறேன், உனக்கும் தெரியும், என்னை வெள்ளம் அடித்துப் போனது, மந்திரி வண்டிக்குப் பஞ்சர் ஒட்டியது, எல்லாவற்றிலும் கொஞ்சம் காற்று அடித்திருப்பேன். இதில் இல்லை.

கூடைகளைப் பிடுங்க மாசக் கடைசிவரை நேரம் கொடுத்தார்கள். நானும் கொக்கும்தான் கழற்றினோம், மற்றவர்கள் வரவில்லை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் உன் அப்பாவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். போல்ட்டைத் திருகும்போதெல்லாம் சங்கிலி குலுங்கும், குலுங்கும்போதெல்லாம் அவன் தலை அந்தப் பக்கம் திரும்பும். கொக்கு அதைப் பார்த்துவிட்டுத் தன் சட்டையைக் கழற்றிச் சங்கிலிகளைச் சுற்றிக் கட்டினான், அப்புறம் சத்தம் வரவில்லை, உன் அப்பா தலையும் திரும்பவில்லை. கிளப் இனி இல்லை. கொக்கு சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான், வயசுப் பையன், அவனைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து ஊர் கிளப்பில் போய்க் கேட்டேன், அவர்கள் இடம் கல் உடைத்த பள்ளத்தில் இருக்கிறது, கண் தெரிந்தவனே கையைக் காலை உடைத்துக்கொள்கிறான், அவரைச் சேர்த்துக்க முடியாதுங்க என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் கேட்டேன், வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். கண் டாக்டரும் இந்த மாசம், இருக்கிறதையாவது நிறுத்தி வைக்கலாம்னு பாத்தோம், முடியலை என்று சொல்லிவிட்டார். மிச்சமிருந்த வலது கண்ணிலும் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. உன்னிடம் இதையும் சொல்லியிருக்கமாட்டான்.

பத்து நாள் முன்பு ஒரு காரியம் செய்தேன். நான் செய்த கூடையில் ஒன்றை நம் வீட்டுப் பின்சந்தின் கோடியில் நிறுத்தினேன். முப்பது அடி இருக்கும், அது போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கூட்டிவந்து தட்டைக் கையில் கொடுத்தேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது என்றே நினைக்கிறேன். நான் கோடிக்குப் போய்ச் சங்கிலியை ஆட்டினேன், கொக்கு மாதிரி ரைட் ரைட் என்றும் கத்தினேன். வீசினான், எதிர்வீட்டுச் சுவரில் போய் மோதியது. மறுபடி ஆட்டினேன், தனக்குப் பின்னால் திரும்பி வீசினான். நான் இன்னும் பலமாக ஆட்டினேன், சந்து முழுக்கச் சத்தம், அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறான், வீசவே இல்லை. நிறுத்துங்கண்ணே, சுவத்துல பட்டு எல்லாப் பக்கமும் கேக்குது, நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியலை என்றான். முப்பது அடி தூரத்தில் நான் நிற்கிறேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டுத் தானே உள்ளே போய்விட்டான். அடுத்த ஞாயிறு, அதாவது நேற்று, அவன் ஷூவைப் போட்டுக்கொள்ளவில்லை, நாற்காலி பழையபடி ஜன்னலுக்குப் போய்விட்டது, நானும் கூப்பிடவில்லை, கூப்பிட்டு எங்கே கொண்டுபோவது.

ஆறுதலாக முடிக்கலாம் என்று பார்த்தேன், கையில் ஒன்றும் வரவில்லை. கிளப்புக்குப் புதுத் தட்டுகள் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதை அனுப்பாதே. உன் அப்பாவிடம் பேசும்போது அழாதே, மூக்கு உறிஞ்சுகிற சத்தம் அவனுக்குக் கேட்டுவிடும். திட்ட வேண்டியதை எனக்குத் தனியாக எழுது, பெரியம்மா என்னை எதிரில் உட்கார வைத்து, அவன் காதில் விழாதபடி குரலை உயர்த்தாமல் படித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கே இருந்தாலும் உன் கண்ணும் காலும் நன்றாக இருக்கட்டும், உனக்குப் பக்கத்தில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு மனுஷர் எப்போதும் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பத்துக்குள் அவனுக்குப் போன் செய், அங்கே நடுஜாமமாக இருந்தாலும் செய், அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் அவனால் தாண்ட முடியவில்லை.

இந்த முறை எதையும் கூட்டி எழுதாத,
உன் பெரியப்பா