இரண்டு தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

கால்வலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. நம் அண்ணனைப் போல மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுத்துப் பழக்குவதுதானே என் வேலை? வேலை கேட்டு வருபவர்களை ஒரு வீட்டில் அரைமணி நேரம் விட்டுப் பார்ப்போம். நேற்றைய வீட்டு மனிதருக்கு நாற்பது வயது. பேச்சு வராது, ஓரிடத்தில் உட்காரவும் மாட்டார். வந்த பெண் ஒன்றும் பேசாமல் மேஜையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். சட்டென்று உட்கார்ந்தவர், கடைசி வரை அசையவில்லை.

"கைராசிக்காரப் பொண்ணு!" என்றார் மேலாளர். நானும் முழு மதிப்பெண் போட்டேன். அப்புறம்தான் கவனித்தேன்: அந்த வீட்டு மனிதர், அடிக்குப் பயந்து ஒளிப்பவர் போல, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்திருந்தார்.

"முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?" என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லீங்க. எந்த வீட்டுலயும் யாராவது ஒருத்தர் ஏற்கெனவே பழக்கி வச்சிருப்பாங்க," என்று சிரித்தாள்.

மதிப்பெண்ணை அழித்துவிட்டு, வேலை இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒரு சின்ன வேலை. நம் வீட்டில் அண்ணனைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்த பெண் தங்கமானவள், அண்ணன் இப்போதெல்லாம் சத்தமே போடுவதில்லை என்று எழுதியிருந்தீர்களே. அவள் இல்லாத நேரம் பார்த்து மேஜையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். அண்ணன் கையை எங்கே கொண்டுபோகிறான் என்று எனக்கு உடனே சொல்லுங்கள்.

தபால் பெட்டியைத் திறக்கும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்