அடித்தவனுக்கு ஒரு வார்த்தை

அக்கா,

காலையிலிருந்து தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் காய்ச்சுகிறார்கள். கேழ்வரகு வேகிற வாசனையும் விறகுப் புகையும் என் வீடு முழுக்க நிற்கின்றன. ஆடி மாதக் கடைசி வாரம். இந்த வாசனை வந்தாலே எனக்கு உன் மகள் பவானி தாய் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகாத அந்த ஆடிதான் ஞாபகம் வருகிறது.

கல்யாணமான முதல் ஆடி. ஊர் வழக்கப்படி நீதான் பெண்ணாடம் போய் அவளை அழைத்து வந்தாய். வந்த அன்று அவள் ஜாக்கெட்டை மாற்றும்போது முதுகில் அடித்த தடிப்புகளைப் பார்த்தாய். மறுநாள் நாம் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காமல் என்னிடம் மட்டும் சொன்னாய்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. பவானி கிளம்பவில்லை. அப்புறம் பார்க்க வேண்டுமே நம் தெருவை! பால்காரி "அசிங்கம்" என்றாள். எதிர்வீட்டுக் கிழவர் "மானம் போச்சு" என்றார். உன் கொழுந்தன் வாசலில் நின்று, "அண்ணி, ஊருல தலை நிமிர்ந்து நடக்க முடியல" என்றான். நான் சும்மா இருப்பேனா?

"தம்பி, உனக்குக் கழுத்து சுளுக்கி ரொம்ப நாளாச்சு. அத ஏன் புள்ள மேல போடுற? தைலம் தேயி."

நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். சிரித்தாயா, அழுதாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாடிவீட்டு டீச்சரம்மா மட்டும், "குடும்பத்துக்கே இழுக்கு" என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அது என்ன வார்த்தை என்று உன்னைக் கேட்டேன். நீ பொம்மையின் காதை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "பால்காரி சொன்ன அதே அசிங்கந்தான்டி. டீச்சர் இஸ்திரி போட்டுச் சொல்றாங்க."

அந்த வாரம் முழுக்க நமக்கு அதுதான் விளையாட்டு. கேவலம், தலைகுனிவு, வெட்கக்கேடு, களங்கம் என்று புதிதாக ஒன்று காதில் விழுந்தால் உன்னிடம் ஓடி வருவேன். நீயும் கணக்குப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டுவாய். ஆனால் ஒருநாள் உன் வீட்டுக்குள் வந்தபோது, பவானியின் பை கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். "அனுப்பிடலாமாடி?" என்று கேட்டாய். எனக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. இத்தனை பேர் இத்தனை வார்த்தை சொன்னால் பெற்றவள்தான் என்ன செய்வாள்?

மறுநாளே அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, திட்டக்குடியிலிருந்து பெரியப்பா ஒருவர். வெள்ளை வேட்டி, நல்ல குரல். பாயில் உட்கார்ந்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"ஆவணி பொறந்தும் பொண்ணு தாய் வூட்டுல இருந்தா ரெண்டு குடும்பத்துக்கும் மானக்கேடும்மா. பேரு கெட்டுப் போயிடும். நாளைக்கு உங்க சொந்தத்துலயே பொண்ணு எடுக்க ஆளு வராது."

நீ டீயைக் கொடுத்தாய். தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாய். மெதுவாகத்தான் கேட்டாய்.

"பெரியவரே, பத்து நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். அசிங்கம், கேவலம், மானக்கேடு எல்லாமே எம் பொண்ணுக்குத்தான் சொல்றாங்க. அடிச்சவருக்குச் சொல்ல ஒரு வார்த்த கூடவா இல்ல?"

"அது புருஷன் பொண்டாட்டிக்குள்ள நடக்கறது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"அடி உள்ளயே இருந்துச்சு, அசிங்கம் மட்டும் எப்புடிங்க தெருவுக்கு வந்துச்சு?"

கேட்டுவிட்டு நீ பேசாமல் நின்றாய். அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நானாக இருந்தால் மேலே பத்து வார்த்தை பேசி, சண்டையாக்கி, கேட்ட கேள்வியையே தொலைத்திருப்பேன். நீ பதிலுக்குக் காத்திருந்தாய். மாப்பிள்ளை போனைப் பார்த்தான். பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது. நீ உள்ளே போய், கட்டி வைத்த பையைப் பிரித்து, பவானியின் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாய். வேன் கிளம்பிப் போனது.

வார்த்தைகள் அன்றோடு நின்றுவிடவில்லை. அடுத்து வந்த கல்யாணத்தில் உன்னை வரிசைத் தட்டு எடுக்க யாரும் கூப்பிடவில்லை. நீ பாட்டுக்கு வந்து, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாயசம் நல்லாருக்குதுடி, கூச்சப்படாம இன்னொரு கரண்டி கேளு" என்றாய். நீ உயிரோடு இருந்தபோதே பவானி கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதக் கற்றுக்கொண்டாள். இப்போது அந்தப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு. என்னையே அதட்டுகிறாள், பெரிய ஆபீசர்!

இன்று உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. பின்தெரு வசந்தா மகளும் முதல் ஆடிக்கு வந்திருக்கிறாள். மத்தியானம் வசந்தா என்னைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது.

"ஆடி முடியப் போவுது யக்கா. போவ மாட்டேன்னு படுத்துக் கெடக்குறா. வெளிய தெரிஞ்சா எவ்ளோ கேவலம்!"

எனக்கு நாக்கு நுனியில் நாலு கிண்டல் வந்து நின்றது. நான் கேட்டது ஒன்றுதான். "ஏன் போவ மாட்டேங்கிறான்னு அவகிட்ட கேட்டியா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன் அக்கா. வசந்தா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் அந்தப் பெண்ணின் குரல் மெல்ல ஆரம்பித்தது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. இடையில் வசந்தா ஒரு சத்தமும் போடவில்லை.

நான் வாசலிலேயே நின்றேன், உள்ளே யாரும் நுழைந்துவிடாமல். பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றதில்லை. நீ பார்த்திருந்தால், காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாய்.