கழுவும் தொட்டியில் வைத்த குடுவை

அம்பத்தூர், 14.6.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

துலுக்கானத்தின் கண்களைக் கெடுத்தது உங்கள் நண்பர் டாக்டர் எட்மண்ட்தான்.

அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? நீங்கள் சுகமா? எனக்குக் கையில் சில கொப்புளங்கள், அவ்வளவுதான்.

டாக்டரின் ஆய்வகத்தில் வைரஸின் நொதியை முடக்க, மரபணுவின் கட்டுமானத் துண்டான நியூக்ளியோடைடைப் போலவே ஒரு போலிப் பொருள் செய்கிறோம் என்று எழுதியிருந்தேனே, வியாழக்கிழமை அது வேலை செய்தது. அந்த மகிழ்ச்சியில் டாக்டர், தண்ணீர் பட்டால் வெடிக்கும் பாஸ்பரஸ் ஆக்ஸிகுளோரைடு மிச்சமிருந்த குடுவையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டார். தொட்டிக்கு வந்ததைக் கழுவுவதுதான் உதவியாளர் துலுக்கானத்தின் வேலை. குழாயைத் திறந்தார். குடுவை வெடித்து, அமிலமும் கண்ணாடியும் முகத்தில் பாய்ந்தன. "தம்பி, கண்ணு எரியுது, ஒண்ணியும் தெர்ல!" என்று சுவரில் மோதி அலறினார். தலையைப் பிடித்துத் தண்ணீருக்கடியில் அமுக்கினேன்.

"துலுக்கானம் கேக்காம தொட்டுட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார் டாக்டர் என்னிடம். தவறு துலுக்கானத்தின் மேல் விழுந்தால் வேலையும் போய்விடும். டாக்டரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். அவர் மூக்கில் ரத்தம் வந்தது. கவலைப்படாதீர்கள், என்னை இன்னும் வேலையிலிருந்து விலக்கவில்லை.

அம்மாவின் பழைய நூல்புடவை ஒன்று அனுப்புங்கள், துலுக்கானத்தின் கண்ணில் கட்ட மெல்லிய துணி வேண்டும். நீங்களும் நாலு வரி எழுதுங்கள். இங்கே என்னோடு யாரும் பேசுவதில்லை.

பார்வையாளர் நேரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேற்று டாக்டரும் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். துலுக்கானம் தடவித் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொட்டில வெச்சது நீதான்னு எய்திக் குடு சார்."

டாக்டர் கையை உருவிக்கொண்டார்.

உங்கள் மகன்,
பாஸ்கல்