மேளம் என் கைக்கு வந்த கோடை

ஜூன் 21
காலில் போட்ட மாவுக்கட்டுக்குள் அரிப்பு. ரகீதா பின்னல் ஊசியை நீட்டிவிட்டு, "மரத்துல ஏறாதீங்கன்னு பொண்டாட்டி சொன்னா கேக்கணும்" என்றாள். இன்னும் எத்தனை தடவை சொல்வாளோ. கல்யாண சீசன் முழுக்கப் போச்சு. பால்பெக் பக்கம் எந்தக் கல்யாணத்தில் தப்கே ஆடக் கைகோத்தாலும் வரிசையின் தலையில் நிற்பது நான்தான். இப்போது?

ஜூன் 24
என் இடத்துக்குத் தம்பி ஷிப்லியாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழல் ஊதும் அபூ ஹாத்திம் வந்து, "சும்மா உக்காந்து ஈ ஓட்டாத நவாஃப். ஷிப்லியோட மேளத்தை நீ எடுத்துக்கோ. கைக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

ஜூன் 30
ஒத்திகை. நாற்காலியில் நான், மடியில் மேளம். மேளம் நாலு நாலாய்ப் போகிறது, அவர்கள் கால் ஆறு ஆறாய்ப் போகிறது. ஆடிய காலத்தில் இதை நினைத்ததே கிடையாது; கால் அதுபாட்டுக்குப் போய் எங்கேயோ மேளத்தோடு சேர்ந்துகொள்ளும். இப்போது அவர்கள் காலைப் பார்த்தால் என் கை தடுமாறுகிறது. ஷிப்லி சிரித்தான். "காலைப் பாக்காதண்ணே. கண்ணை மூடிக்கோ."
இவன் எனக்குச் சொல்கிறான்!

ஜூலை 9
முதல் கல்யாணம். ஷிப்லி கைக்குட்டையைச் சுழற்றித் துள்ளியபோது பெண்கள் குலவையிட்டார்கள். அது எனக்கு வரவேண்டிய குலவை. கறிச்சோற்றைத் தொடாமலே வீடு திரும்பினேன்.

ஜூலை 10
நன்றாகத்தான் ஆடினான். அதுதான் எரிச்சல்.

ஜூலை 23
எழுதக் கை கூசுகிறது.
ரொட்டிக்கடை தவ்ஃபீக் மகள் கல்யாணம். தலையில் ஷிப்லி, அவன் கையைப் பிடித்தபடி தவ்ஃபீக். "ஷிப்லி! ஷிப்லி!" என்று கூட்டம் கத்தியது. எனக்கு என்ன வந்ததோ — வேகத்தைக் கூட்டினேன். சமாளித்தான். இன்னும் கூட்டினேன். விழட்டும், ஒரே ஒரு தடவை விழட்டும்.
விழுந்தது அவனில்லை. தவ்ஃபீக். மோவாய் கிழிந்து, மகள் கல்யாணத்தன்று சட்டையெல்லாம் ரத்தம்.
மாப்பிள்ளை வீட்டார் ஷிப்லியின் சட்டையைப் பிடித்தார்கள். "வயசானவரை இப்படியா இழுத்துக்கிட்டு ஓடுவ?" அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "தப்புதான், மன்னிச்சிக்குங்க" என்றான்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 24
ஏண்டா ஷிப்லி, நீயாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 6
கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாய் இளைத்திருக்கிறது. தவ்ஃபீக்குக்குத் தையல் பிரித்தாயிற்றாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3
மறுபடி தலையில் நான், மேளத்தில் ஷிப்லி. அது ஒரு தாளமா! பிணம் தூக்கிப் போகிற வேகம். "வேகமா அடிடா!" என்று கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. "நொண்டிக்கு ஏத்த அடி" என்று ஓரத்தில் எவனோ சிரித்தான்.
முடிந்ததும் ஷிப்லியைப் பிடித்துக்கொண்டேன். "பழி வாங்குறியாடா?"
"கால் இன்னும் வீங்கியிருக்கேண்ணே. வேகமா அடிச்சா விழுந்துடுவ."
"அன்னைக்கு நான்தான்..."
"தெரியும். வருஷக்கணக்கா அந்த மேளத்தை அடிக்கிறவன். எனக்குத் தெரியாதா?"
"அப்புறம் ஏண்டா பழியை ஏத்துக்கிட்ட?"
"சொல்லியிருந்தா உங்கிட்டருந்து மேளத்தையும் புடுங்கியிருப்பாங்க. வீட்டுல உக்காந்து என்ன பண்ணியிருப்ப?"
இரண்டு அறை விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

செப்டம்பர் 4
தவ்ஃபீக்கின் கடைக்குப் போனேன். சொன்னேன். மோவாயில் தழும்பு. அவர் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ரொட்டி வேணுமா?" என்றார்.
"வேணாம்."
"அப்ப வழிய விடு. பின்னால ஆள் நிக்கிது."
மன்னித்தாரா? தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

செப்டம்பர் 18
இன்றைய கல்யாணத்துக்குத் தலையில் யார் என்று அபூ ஹாத்திம் கேட்டார். "ஷிப்லி நிக்கட்டும்" என்றேன். மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழல் தொடங்கும் முன் அவன் பக்கம் குனிந்தேன். "எவ்வளவு வேகம் வேணும்டா?"
"நீ ஆரம்பிண்ணே, நான் வர்றேன்."
மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.