எஸ்ஸுக்கு முன்னால் ஓர் எறும்பு

மார்ச் 3, செவ்வாய்

தொண்டைக்குள் இருந்த முடிச்சை நேற்று எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாதாம். "கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்" என்றார் டாக்டர். பதினோரு வருடம் இங்கிலீஷ் இலக்கணத்தைக் கத்திக் கத்திச் சம்பாதித்த முடிச்சு. வாய் இல்லாதவள் எங்கே போய்க் கொட்டுவது? அதற்குத்தான் இந்த நோட்டு. மற்றவர்களிடம் பேச, பைக்குள் தனியாக ஒரு சின்ன பேடு.

அக்கா சூப் கொண்டுவந்தாள். தலையணையைச் சரிசெய்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். "நீ நிம்மதியாப் படுடி. கிளாஸை நான் பாத்துக்கறேன்." மழை விட்டிருந்ததால் அவளுடைய நீலக் குடையைக் கதவுக்குப் பின்னால் மறந்துவிட்டுப் போனாள். மறதியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மார்ச் 9, திங்கள்

காய்கறிக்காரர், நான் கோபத்தில் பேசாமல் நிற்கிறேன் என்று பயந்து ரெண்டு எலுமிச்சம்பழம் சும்மா போட்டார். ஊமையாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

மார்ச் 14, சனி

கிளாஸ் போர்டு வெளுத்துப் போச்சாம். புதிதாக எழுதக் கொடுத்திருப்பதாக அக்கா சொன்னாள். போர்டு என்றதுமே எனக்குச் சிரிப்பு. சிரிக்கவும் கூடாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கிளாஸுக்கென்று மருந்துக் கடை மாடியில் ரெண்டு அறை பிடித்த புதிது. Sisters' English Class என்று எழுதச் சொல்லியிருந்தோம். போர்டு எழுதுபவர் அபாஸ்ட்ரஃபி குறியை முதல் வார்த்தையின் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் வைத்துவிட்டார். அக்கா அவரை ஏணியை விட்டு இறங்கவே விடவில்லை. "இந்தக் குறி எஸ்ஸுக்கு முன்னால உக்காந்தா, கிளாஸ் ஒரே ஒரு சகோதரிக்குத்தான் சொந்தம்னு அர்த்தம். பின்னால உக்காந்தாதான் ரெண்டு பேருக்கும். நாங்க ரெண்டு பேருங்க!" பக்கத்தில் நான், எட்டு விரலை மடக்கி ரெண்டு விரலைக் காட்டிக்கொண்டு. மனிதர் நொந்துபோய், "ஒரு எறும்புக்கா இந்தப் பாடு?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கிளாஸில் அதன் பெயரே எறும்புதான். வேலை முடிந்து வருகிற நர்ஸ், லிஃப்ட் மெக்கானிக், பேக்கரிக்காரர் எல்லோரும், "டீச்சர், எறும்பு எங்க உக்காரும்?" என்றுதான் கேட்பார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதால் கிளாஸ் பக்கம் நடந்தேன். புது போர்டு மாட்டியாகிவிட்டது. நீலத்தில் வெள்ளை எழுத்து, பளிச்சென்று.

Sister's English Class.

மறுபடியுமா மனுஷா! நேராக அவருடைய கடைக்குப் போனேன். பேடில் பெரிதாக எழுதி, எறும்பு வரைந்து, அம்புக்குறி போட்டு நீட்டினேன். அவர் படித்துவிட்டு அவசரமாக மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"சின்ன டீச்சர், என் மேல கோச்சுக்காதீங்க. போன தடவை பட்டதே போதும்னுதான் இந்தத் தடவை பெரிய டீச்சர்கிட்ட எழுதி வாங்கினேன். 'முன்னாலயா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க'ன்னு ரெண்டு வாட்டி கேட்டேன்."

அக்காவின் கையெழுத்து. எறும்பு எஸ்ஸுக்கு முன்னால். சிவப்பு மையில் அதைச் சுற்றி வட்டம். அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம்.

மார்ச் 18, புதன்

கைதவறி எழுதியிருப்பாளோ? ரெண்டு வட்டம் கைதவறி வராது.

மார்ச் 20, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போனேன். பேடில் ஒரே சொல் எழுதிக் காட்டினேன்: எறும்பு?

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "கிளாஸ் லைசென்ஸ் புதுப்பிக்கணும், ஒருத்தர் பேர்லதான் குடுப்பாங்களாம். டாக்டரும் உன் குரல் பழையபடி வருமான்னு உறுதியாச் சொல்லல. நானும் யோசிக்கணும் இல்ல?"

டாக்டர் என்னிடம் அப்படிச் சொல்லவே இல்லையே! எழுதினேன். என்னைக் கேட்டாயா என்று எழுதினேன். முதல் வருடம் ஆளே வராதபோது வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்தது யார் என்று எழுதினேன். அவசரத்தில் எழுத்து கோணலாகப் போனது. மூன்று பக்கம்.

அவள் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தாள். பேடை மூடி, மடித்த துணி மேல் வைத்தாள். "போர்டுல ஒரு புள்ளிதானேடி. இதுக்குப் போய்... அப்புறம் படிக்கறேன்."

ஒரு புள்ளியா? நீ சொல்றியா அதை? ஏணியில ஒருத்தரை நிக்க வெச்சவ நீதானே!

கத்தக்கூட முடியவில்லை. கதவை ஓங்கிச் சாத்தலாம் என்றால் அது ஸ்பிரிங் வைத்த கதவு, தானாக மெதுவாக மூடிக்கொண்டது.

மார்ச் 21, சனி

டாக்டர் தொண்டையில்தான் கத்தி வைத்தார். கழுத்தை அறுத்தது கூடப் பிறந்தவள்.

மார்ச் 29, ஞாயிறு

பேச்சு திரும்பியதும் அவளிடம் முதலில் என்ன சொல்வது? தினமும் ஒத்திகை பார்க்கிறேன். இன்று குளிக்கும்போது நல்லதாக ஒன்று அமைந்தது. துடைப்பதற்குள் மறந்துவிட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் டாக்டர் பார்த்தார். "பேசலாம், மெதுவா ஆரம்பிங்க" என்றார். அங்கே பேசவில்லை. முதல் வார்த்தையை அக்காவுக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன்.

மதியம் லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு வந்தார், கையில் ஆப்பிள் பையோடு. ஐம்பது வயதில் ஏபிசிடியில் தொடங்கியவர். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், ஒரு தப்பைக் கண்டுபிடிச்சேன்! போர்டுல எறும்பு முன்னால உக்காந்திருக்கு. ரெண்டு சகோதரின்னா பின்னாலதானே இருக்கணும்? பெரிய டீச்சர்கிட்ட சொன்னேன். சட்டுனு உள்ள போயிட்டாங்க. நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு வேற சொல்லியிருக்காங்க. அது நிஜமா?"

நான்கு வருடம் தலைகீழாக நின்றும் எறும்பு பிடிபடாத மனிதர். இன்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். நான் எத்தனை சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்!

"தப்பில்லைங்க" என்றேன். கரகரவென்று, யாரோ அடுத்த அறையில் பேசுவது மாதிரி இருந்தது. "போர்டு சரியாத்தான் இருக்கு."

தன் ரெண்டு விரலை நீட்டிப் பார்த்தார். ஒன்றை மடக்கினார். அப்புறம் ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, "தண்ணி குடிங்க டீச்சர்" என்றார்.

ஆறு வாரம் சேர்த்து வைத்த முதல் வார்த்தை இப்படிச் செலவானது.

ஏப்ரல் 24, வெள்ளி

அக்கா ஃபோன் பண்ணினாள். எடுக்கவில்லை. அப்புறம் குரல் செய்தி: "குரல் வந்துடுச்சாமே, சொல்லவே இல்ல. வந்து கிளாஸ் எடு. யார் பேர்ல இருந்தா என்னடி, வேலை ஒண்ணுதானே?" குடையைப் பற்றிக் கேட்கவில்லை.

மே 9, சனி

என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு பேர். நாற்காலி ஆறு. பேக்கரிக்காரர் பெட்டி மேல் உட்கார்ந்தார். வாசலுக்கு ஒரு போர்டு எழுதலாமா என்று மெக்கானிக் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

முதல் பாடம் எறும்புதான். வேறு எதில் தொடங்கினாலும் அதைப் பார்த்து பயந்த மாதிரி ஆகிவிடும். அறையைச் சுற்றிப் பார்த்து, எது யாருடையது என்று ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னேன். பழைய பேடில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துக் கொடுத்தேன். மெக்கானிக்கின் ஸ்பேனர், பேக்கரிக்காரரின் பெட்டி எல்லாம் வந்தன. எறும்புகள் ஒழுங்காகவே உட்கார்ந்திருந்தன.

கதவுக்குப் பின்னால் அக்கா விட்டுப்போன நீலக் குடையை நர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினாள்: The teacher's umbrella.

எறும்பு எஸ்ஸுக்கு முன்னால். ஒரு டீச்சர், ஒரு குடை. இலக்கணத்தில் குற்றமே இல்லை. தபால் உறையில் தப்பு இருந்தால்கூடத் திருத்திவிட்டுப் பிரிப்பவள் நான்.

"கரெக்டா டீச்சர்?" என்றாள்.

"கரெக்ட்" என்றேன்.