செம்பு வேலை முடியட்டும்

அன்புமிக்க டெஸ் அவர்களுக்கு,

நோரீன் எழுதுகிறேன். பெர்த் வெயில் உங்கள் முட்டி வலிக்கு இதமாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே தெற்குக் காற்று கோழிக்கூட்டின் கூரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. போனில் பேசலாம் என்றால் உங்கள் தம்பி லாக்லன் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

லாக்லனுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று உங்களிடம் சொன்னது பொய். மெல்பர்னில் மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இதயம் நின்றே போயிற்று. ஆம்புலன்ஸ்காரர்கள்தான் மீட்டார்கள். தோளுக்குக் கீழே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். மறுபடி அப்படி ஆனால் அதுதான் உதைத்து எழுப்புமாம். பெரிய காந்தத்துக்குப் பக்கத்தில் போனால் மட்டும் அது வேலை செய்யாது என்று டாக்டர் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அலுமினிய ஆலையில் மின்சாரம் பாய்கிற தொட்டிகளுக்குப் பக்கத்தில் எவ்வளவு காந்த சக்தி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நீங்கள் அங்கே வேலை பார்த்தபோது, ஆலையின் குடும்ப தினத்தில் உள்ளங்கையில் பேப்பர் கிளிப்புகளை எழுந்து நிற்கவைத்து எங்களுக்கு வேடிக்கை காட்டியவரே நீங்கள்தான். அங்கேதான் இவர் தினமும் போகிறார். வாசலில் கேட்டால் உடம்பில் கருவி எதுவும் இல்லை என்கிறார். கூட்டாளிகள், "பித்தப்பைக் கல்லைக் கொண்டா மாப்ளே, நோரீனுக்கு மோதிரம் பண்ணலாம்" என்று கேலி செய்கிறார்களாம். அவரும் சிரிக்கிறாராம். தழும்பு தெரிந்துவிடும் என்று அங்கே குளிக்காமல் கரியோடு வீட்டுக்கு வருகிறார்.

எல்லாம் அந்தச் செம்பால் வந்தது. தொட்டிக்கு அடியில் மின்சாரத்தை வெளியே எடுக்கிற இரும்புச் சட்டங்களுக்குள் இப்போது செம்பைப் புதைக்கிறார்கள். சூடாகி வீணாய்ப் போகிற மின்சாரம் மிச்சமாகிறது. ஒரு வரிசை முழுக்க மாற்றி, மிச்சத்தைக் காட்டினால்தான் ஆலை நிலைக்கும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். மாற்றுகிற குழுவுக்கு உங்கள் தம்பிதான் தலைவர். நான் அழுதால், "செம்பு வேலை முடியட்டும்டி, அப்புறம் வீட்டோட கிடக்கேன். ஊரே எங்களத்தான் நம்பியிருக்கு" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் வருவான். எனக்கு வேறு லாக்லன் வரமாட்டார்.

நேற்று மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். என்ன என்றால், "காத்து தள்ளுதுடி" என்றார். வீட்டுக்குள் ஏது காற்று, டெஸ்? ராத்திரி முழுக்க அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

போன வாரம் ஆலை வாசல்வரை போனேன். அவர் கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டேன். இன்று திரும்பமாட்டேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அங்கேதான் போகிறேன், கருவியைப் பற்றி ஆலைக்காரர்களிடம் சொல்லிவிடப் போகிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். என்னோடு பேசமாட்டார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆகவே நீங்கள் அவரைக் கூப்பிடுங்கள். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அவர் என்னைத் திட்டினால் நீங்களும் சேர்ந்து திட்டுங்கள். சமையலறையில் நின்று அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது போதும்.

கடவுள் உங்களை நெடுங்காலம் வைத்திருக்கட்டும், உங்கள் தம்பியையும்.

என்றும் அன்புடன்,
நோரீன்